பிறந்த ஆண்டை மாற்றிப் போடலாமா? கொடைக்கானல் கடை மேசையில் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் செல்பேசி பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், உடைந்த திரை, அரசு விண்ணப்பம் எல்லாம் அதே மேசையில்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு சுற்றியுள்ள மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் காய்கறிப் பையைக் கடை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டுவார்கள். 2020க்கு முன்பு அது பெரும்பாலும் அவர்களுடைய போனாக இருக்கும். பள்ளிகளை மூடி வீட்டிலேயே பாடம் என்று ஆன பிறகு, நீட்டப்படுவது பிள்ளையின் போன்.

கேள்விகளும் மாறிவிட்டன. முன்பெல்லாம் 'பூட்டிக்கொண்டது, திறந்து கொடுங்கள்' என்பார்கள். இப்போது 'ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளுக்குச் சமூக வலைதளத் தடை போட்டுவிட்டார்களாமே, நமக்கு எப்போது?' என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞரும் இல்லை, மருத்துவரும் இல்லை. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்குச் சமூக வலைதளக் கணக்குத் திறந்தபோது வயதைத் தவறாகத் தட்டிய விரல் என்னுடையது. சொல்ல வேண்டிய கடமை அந்த வகையில் வந்தது.

கணக்குத் தொடங்க எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட், வாட்ஸ்அப் நான்குக்கும் 13. யூடியூபில் சொந்தக் கணக்கைத் தானே நடத்துவதற்கும் அதே 13தான். அதற்குக் கீழே என்றால் பெற்றோர் மேற்பார்வையில் உள்ள கணக்கு வேண்டும். யூடியூபில் நேரலை செய்வதற்கான வயதை 2025 ஜூலையில் 16 ஆக உயர்த்திவிட்டார்கள். டிக்டாக் பற்றிக் கேட்க வேண்டாம். 2020 ஜூனிலிருந்து இந்தியாவில் அதற்குத் தடை.

அது என்ன கணக்கு, 13? பிள்ளைக்கு அந்த வயதில் பக்குவம் வந்துவிடுமா?

பக்குவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் 1998 இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 13 வயது நிரம்பாத பிள்ளையிடம் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இணையத்தில் தகவல் திரட்டக் கூடாது என்பது அதன் சாரம்; 2000 இல் நடைமுறைக்கு வந்தது. பெற்றோரைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்குவது நிறுவனங்களுக்குத் தலைவலி. '13 நிரம்பாதவர்களுக்கு இடமில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால் தலைவலி தீர்ந்தது. அப்படி எழுதிய வரிதான் எங்கள் மலைக் கிராமங்களான பூம்பாறையிலும் மன்னவனூரிலும் இன்றைக்கு விதியாக நிற்கிறது. எந்தக் குழந்தை மருத்துவரும் உட்கார்ந்து கணக்கிட்டுச் சொன்ன வயது இல்லை அது. 'பதின்மூன்று முடிந்துவிட்டது, இனி கவலையில்லை' என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? பிள்ளை கணக்கு வைத்திருந்தால் போலீஸ் வருமா?

வராது. பிள்ளை சமூக வலைதளத்தில் கணக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது. 2023 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அது. அதன்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அமெரிக்கக் கணக்கு 13, நம் சட்டக் கணக்கு 18. இந்த இடைவெளியில்தான் இப்போது நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பிள்ளையின் தகவலைக் கையாளும் முன் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கக்கூடிய விதத்தில் பெற வேண்டும் என்கிறது. பிள்ளை என்ன பார்க்கிறது, எங்கே தயங்கி நிற்கிறது என்று பின்தொடர்ந்து கவனிப்பதும், அதை வைத்துக் குறிபார்த்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. ஆனால் சம்மதம் தொடர்பான பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 2027 மே வாக்கில்தான் அது கையில் கிடைக்கும். அதுவரை தாளில் இருக்கும் சட்டம்.

சிலர் நீதிமன்றத்துக்கும் போய்விட்டு வந்தார்கள். 13 வயதுக்குக் கீழே தடை வேண்டும் என்று கேட்ட மனுவை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இது கொள்கை முடிவு, அரசிடம் கேளுங்கள் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியா போல ஒரு சட்டம் கொண்டுவருவதை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று சொன்னது. திண்டுக்கல் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால், மறுநாளே எங்கள் ஊரில் 'தடை வந்துவிட்டது' என்று செய்தி பரவியது. மூன்று அம்மாக்கள் கணக்கை மூடச் சொல்லிக் கடைக்கு வந்தார்கள். வந்தது யோசனை, தடை இல்லை. மூடிய வரை நல்லது என்று நானும் உடனே திருத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் உண்மையில் என்னதான் செய்தார்கள்?

16 வயது நிரம்பாதவர்கள் கணக்கு வைத்திருக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நிறுவனங்களின் தலையில் கட்டினார்கள். சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறியது, 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், ட்விட்ச், கிக் என்று பத்து தளங்கள் முதல் பட்டியலில் இருந்தன. வாட்ஸ்அப்பும் யூடியூப் கிட்ஸும் பட்டியலில் இல்லை. தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை நிறுவனத்துக்கு அபராதம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எந்தத் தண்டனையும் கிடையாது. வயதைச் சரிபார்க்கிறேன் என்று அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாகக் கேட்கவும் கூடாது.

முதல் சில வாரங்களிலேயே சுமார் 47 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டதாக அந்த நாட்டு அரசு சொன்னது. ஒரே பிள்ளைக்கு மூன்று தளத்தில் மூன்று கணக்கு இருக்கலாம் என்பதால், இதை 47 லட்சம் பிள்ளைகள் என்று படிக்க வேண்டாம். அங்கேயும் கணக்கு இல்லாமல் யூடியூப் பார்க்க முடிகிறது. தடை என்பது கணக்குக்குத்தான்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத்தான் திறந்தார்கள். எங்களுக்கும் அப்படிச் செய்தால் என்ன?

எல்லோரும் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகும் கேள்வி இது. சந்தை அன்று மேசைக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் நிற்கும்போது நானும் சாதாரணமாகத்தான் செய்தேன். பையன் 2013 இல் பிறந்தவன். அம்மா 'ஏதாவது போட்டுக் கொடுங்கள் தம்பி, பஸ்ஸுக்கு நேரமாகிறது' என்பார். நான் 2003 என்று தட்டுவேன். ஒரே ஒரு எண். கணக்குத் திறந்துவிடும், அம்மா பஸ்ஸைப் பிடித்துவிடுவார், எனக்கு முப்பது ரூபாய்.

அந்த ஒரு எண் என்ன செய்கிறது என்று பிறகுதான் புரிந்தது. 2025 இல் அந்தப் பையனுக்கு வயது 12. இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை அவனுக்கு 22. கல்லூரி முடித்த, சம்பாதிக்கிற, கடன் வாங்கத் தகுதியான ஒரு வாலிபன். அவனுக்குக் காட்டப்படும் விளம்பரம் வாலிபனுக்கானது. முன்பின் தெரியாதவர் அவனுக்குச் செய்தி அனுப்பலாம்; இரண்டு வாலிபர்கள் பேசிக்கொள்வதாகத்தான் அந்த இயந்திரத்துக்குத் தெரியும். ஏதாவது தவறாக நடந்து புகார் செய்தால்கூட, முதலில் 'இது பெரியவருடைய கணக்கு' என்றுதான் அது பார்க்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். உண்மையான ஆண்டைப் போட்ட 13 வயதுப் பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம் பதின்வயதினர் கணக்கு என்று ஒன்றைத் தருகிறது. இந்தியாவில் 2025 பிப்ரவரியில் வந்தது. அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே பூட்டியிருக்கும். பிள்ளை அனுமதித்தவர்தான் பதிவுகளைப் பார்க்க முடியும். அறிமுகமில்லாதவர் செய்தி அனுப்ப முடியாது. ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஆனதும் 'போதும், வெளியே வா' என்று நினைவூட்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை அறிவிப்பு ஒலி வராது. 16 வயது நிரம்பும் வரை இவற்றைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோரின் அனுமதி வேண்டும். அந்த ஏற்பாடு குறையே இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. திருடன் நினைத்தால் கூரை வழியாக வருவான். ஆனால் நாம் பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போடும்போது, தாழ்ப்பாளையும் கழற்றி நிறுவனத்தின் கையில் கொடுத்து, 'உன் மேல் தப்பே இல்லை' என்று எழுதியும் கொடுக்கிறோம்.

'பத்து வருடமெல்லாம் வேண்டாம், இரண்டே வருடம் கூட்டுங்கள்' என்பவர்களும் உண்டு. 11 வயதுப் பிள்ளையை 13 என்று காட்டினால், அவளுக்கு 16 ஆகும்போது கணக்கு 18 என்று சொல்லும். எல்லாத் தாழ்ப்பாளும் ஒரே நாளில் தானாகக் கழன்றுவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாமல். பதினொன்றாம் வகுப்பில் அது நடக்கும். பொய் சொன்ன அன்றைக்குத் தெரியாது. ஐந்து வருடம் கழித்துப் பலிக்கும்.

இன்னொன்று என் மனத்தை உறுத்தியது. இந்தப் பொய்யைச் சொல்வது பிள்ளை இல்லை. நானும் அதன் தாயும் சேர்ந்து, அதன் கண்ணெதிரே சொன்னோம். அது பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றது.

ஏற்கெனவே தவறான ஆண்டு போட்டாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

பிள்ளைக்கு உண்மையில் 13 முடிந்துவிட்டதா? அப்படியானால் இன்றே திருத்துங்கள். இன்ஸ்டாகிராமில் அமைப்புகளுக்குள் போய், கணக்கு மையம், தனிப்பட்ட விவரங்கள், பிறந்த தேதி என்று வரிசையாகத் திறந்தால் மாற்றலாம். மாற்றியதும் மேலே சொன்ன பாதுகாப்புகள் வரத் தொடங்கும். பின்னால் பிள்ளையே அதை மறுபடி 18க்கு மேலே ஏற்ற முயன்றால், அடையாளச் சான்றோ முகத்தைக் காட்டும் காணொளியோ கேட்கும்.

13 முடியவில்லை என்றால், உண்மைத் தேதியைப் போட்டதும் கணக்கு போய்விடும். அதிலிருக்கும் படங்களை முதலில் இறக்கி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா மகள் கல்யாணப் படம் அதில் மட்டும்தான் இருக்கிறது என்று ஒரு பெண் என் கடையில் அழுதாள்.

போனில் உள்ள கூகுள் கணக்கையும் பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அங்கே பிறந்த ஆண்டு பொய்யாக இருந்தால் யூடியூபுக்கும் பிளே ஸ்டோருக்கும் உங்கள் பிள்ளை பெரியவர்தான்.

பள்ளிக்கூடமே வாட்ஸ்அப்பில்தான் வீட்டுப்பாடம் அனுப்புகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிக் கணக்கு இல்லாமல் இருப்பது?

வகுப்புக் குழுவில் இருக்க வேண்டியது உங்கள் எண். எப்படியும் 18 நிரம்பாதவர் பெயரில் சிம் கொடுக்கக் கூடாது என்பதால், பிள்ளை கையில் இருக்கும் எண்ணும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி உங்கள் எண்ணைச் சேருங்கள். மாலையில் பாடத்தைக் காட்டிவிட்டுப் போனை வாங்கிக்கொள்ளலாம். அப்பா பூண்டு ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போயிருக்கும் நாளில் இது நடக்காது என்பது எனக்குத் தெரியும். அந்த நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதட்டும். நாங்கள் எல்லாம் அப்படித்தானே எழுதினோம்.

போன் பிள்ளையிடமே இருக்கும் வீடு என்றால், வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமை என்ற இடத்தில் குழுக்கள் என்று இருக்கும். அதை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். இல்லையென்றால் எண் தெரிந்த எவரும் பிள்ளையை எந்தக் குழுவிலும் இழுத்துப் போடலாம். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

நாங்கள் விடியற்காலையில் காட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். பாட்டியின் போனில்தான் பிள்ளை பார்க்கிறது. அதற்கு என்ன வழி?

பாட்டியின் போனில் பாட்டியின் கணக்கு இருக்கிறது. யூடியூபுக்குத் தெரிந்ததெல்லாம் அறுபத்தெட்டு வயது மனுஷி ஒருத்தி காலையில் பக்திப் பாடலும், பத்து மணிக்கு மேல் பொம்மை லாரியும், மாலையில் பேய்க் கதையும் பார்க்கிறாள் என்பதுதான். வயது வரம்பு அங்கே செல்லாது.

சின்னப் பிள்ளை என்றால் யூடியூப் கிட்ஸ் செயலியைப் போட்டு, மற்றதை ஒளித்து வையுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு ஒரு பழைய போனை ஒதுக்க முடிந்தால், கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் பிள்ளைக்கென்று ஒரு கணக்குத் தொடங்கி உங்கள் போனோடு இணைத்துவிடலாம். எந்தச் செயலியை இறக்கினாலும் உங்களிடம் அனுமதி கேட்கும். இரவு இத்தனை மணிக்குப் பூட்டு என்றால் பூட்டும். இலவசம்தான். இணைத்துக் கொடுக்க எனக்கு இருபது நிமிடம் ஆகும். சந்தை நாளைத் தவிர வேறு நாளில் வந்தால் நிதானமாகச் சொல்லித் தருவேன்.

பாட்டிக்கும் பாட்டியின் போனுக்கும் நடுவில் பூட்டுப் போட்டுப் பயனில்லை. கடவுச்சொல்லைப் பாட்டிக்குச் சொல்லித் தருவதே பிள்ளைதான்.

எங்கள் ஊரில் டவரே சரியாகக் கிடைக்காது. பிறகு எதற்கு இந்தக் கவலை?

டவர் கிடைக்கிற வளைவு எது என்று பிள்ளைக்குத் தெரியும். தங்கும் விடுதியின் வைஃபை கடவுச்சொல்லும் தெரியும்.

எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது, உனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேலி செய்கிறார்களாம்.

உண்மையாகவே வலிக்கிற விஷயம், கிண்டல் செய்ய வேண்டாம். ஒரே வகுப்பில் படிக்கும் நான்கைந்து வீட்டுப் பெற்றோர் பேசிவைத்து ஒரே முடிவு எடுப்பதுதான் எனக்குத் தெரிந்து வேலை செய்தது. மேல்மலையில் ஒரு ஊரில் ஏழாம் வகுப்பு அம்மாக்கள் எட்டுப் பேர் அப்படித் தீர்மானித்தார்கள். கோயில் கூட்டம் முடிந்து திண்ணையில் பேசிய பேச்சுதான், சட்டம் ஒன்றும் இல்லை. 'யாரிடமும் இல்லை' என்றால் கேலிக்கு இடம் ஏது?

இதில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கை மூடச் சொல்லி என்னிடம் வருகிற போன்களில் பெரும்பாலானவை பெண் பிள்ளைகளுடையவை. அண்ணன் வெளியே சுவரில் சாய்ந்துகொண்டு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பான், தங்கையின் கணக்கு உள்ளே மூடப்படும். மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் ஆண் பிள்ளைகளையும் குறிவைக்கிறது. வயது வரம்பு இருவருக்கும் ஒன்றுதான்.

சுற்றுலா வருகிறவர்கள் எங்கள் பிள்ளைகளைப் படமெடுத்துப் போடுகிறார்கள். தடுக்க முடியுமா?

சீசன் நேரத்தில் வட்டக்கானலிலும் ஏரிக்கரையிலும் இது தினமும் நடக்கிறது. கன்னம் சிவந்த, கம்பளித் தொப்பி போட்ட மலைப் பிள்ளை என்றால் அவர்களுக்கு ஒரு காட்சிப் பொருள். எடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்வதுதான் முதல் வழி. பெரும்பாலோர் மன்னிப்புக் கேட்டு அழித்துவிடுவார்கள். போட்டுவிட்டார்கள் என்றால், அந்தப் பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டுப் புகார் செய்யலாம். பிள்ளையின் பெற்றோர் என்ற முறையில் நீக்கக் கேட்பதற்கான படிவமும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. பிள்ளைக்கும் ஒன்று சொல்லிக் கொடுங்கள்: மிட்டாய் கொடுத்தாலும் பெயரையும் பள்ளியையும் கேமரா முன்பு சொல்லக் கூடாது.

அதே மூச்சில் விடுதி நடத்துகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் காட்டேஜ் பக்கத்துக்கு ஆள் சேர்க்க ஒன்பது வயது மகளை ஆட வைத்துப் போடுகிறீர்கள். 13 நிரம்பாத பிள்ளையை முன்னிறுத்தும் கணக்கைப் பெற்றோர் நடத்தலாம், அதை முகப்பில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது இன்ஸ்டாகிராம் விதி. விதிப்படி சரிதான். ஆனால் அவளுக்கு 16 ஆகும்போது அதைப் பார்த்து என்ன சொல்வாள் என்று ஒரு முறை யோசித்துவிட்டுப் போடுங்கள்.

வயதைச் சரிபார்க்க ஆதார் படம் அனுப்பச் சொல்லி ஒரு செய்தி வந்திருக்கிறது. அனுப்பலாமா?

வேண்டாம். தடை பற்றிய செய்தி பரவிய நாளிலிருந்து இந்த மோசடியும் கூடவே வருகிறது. நிறுவனம் சரிபார்க்கக் கேட்டால் செயலிக்கு உள்ளேதான் கேட்கும். வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்து கேட்க மாட்டார். 2025 விதிகளிலும், பெற்றோர் பெரியவர்தானா என்று உறுதி செய்ய அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் போன்ற இடத்திலிருந்து, அட்டை நகலுக்குப் பதிலாக ஒரு மெய்நிகர் அடையாளக் குறியை மட்டும் பெறும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஆதார் நகலைக் கண்டவருக்கும் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே அதிகம்.

பிள்ளையின் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான். யாரிடம் போவது?

இந்தக் கேள்வியை யாரும் சந்தைக் கூட்டத்தில் கேட்பதில்லை. கடை சாத்தும் நேரத்தில் வந்து, வேறு எதையோ பேசிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையை அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். வீட்டுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்ற பயம்தான் மிரட்டுகிறவனின் முதலீடு. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் பிள்ளையின் பக்கம் நிற்கிறீர்கள் என்றதும் அவன் கையில் பாதி காலி. பணம் அனுப்பாதீர்கள், ஒரு முறை கொடுத்தால் மறு வாரமும் கேட்பான். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அவனுடைய கணக்கின் பெயர், மிரட்டல் வரிகள், பணம் கேட்ட எண் தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவிட்டு, பிறகு அவனை பிளாக் செய்து தடுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், 'சாட்சிக்கு' என்று எனக்குக்கூட வேண்டாம்.

1098 குழந்தைகள் உதவி எண். எந்த நேரமும் பேசலாம், பிள்ளையே பேசலாம். பணம் போயிருந்தால் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930 இல் உடனே சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம்.

காவல் நிலையம் என்றால் மேல்மலைக் குடும்பங்கள் நடுங்குகிறார்கள். ஊருக்குத் தெரிந்துவிடும், பெண்ணைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதப்பட்டது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வந்து எழுத வேண்டும். இயன்ற வரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயர், படம், ஊர், பள்ளி எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. இவை சலுகைகள் இல்லை, சட்டம். குற்றம் நடந்தது தெரிந்தும் பெரியவர்கள் சொல்லாமல் மறைப்பது அதே சட்டத்தில் தனிக் குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு வழி உண்டு. 'டேக் இட் டவுன்' என்று அமெரிக்கக் குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஒன்று நடத்தும் இலவசச் சேவை. 18 நிரம்பும் முன் எடுத்த படம் என்றால், அந்தப் படத்துக்கு ஒரு எண்வடிவக் கைரேகையை உங்கள் போனிலேயே உருவாக்கும். படம் போனைவிட்டு வெளியே போகாது; கைரேகை மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் அந்தப் படத்தை யாராவது ஏற்றினால் அதைக் கொண்டு அடையாளம் காண்பார்கள்.

அந்தப் படத்தை என் மகன்தான் நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறான் என்றால்?

அவனும் சட்டத்தின் முன் நிற்க வேண்டிவரும், சிறார் நீதி முறைப்படி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, பிள்ளைகளின் ஆபாசப் படத்தை அனுப்புவதோடு தேடுவதையும் இறக்குவதையும்கூடக் குற்றம் என்கிறது. பெரியவருக்கு முதல் முறையே ஐந்தாண்டு வரை சிறை. இப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றம்தான் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'ஃபார்வர்டு செய்ததுதானே' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. மகனிடம் இதைப் பயமுறுத்தாமல், ஆனால் மென்று விழுங்காமல் சொல்லுங்கள்.

விளையாட்டுச் செயலிகளுக்கும் வயது வரம்பு உண்டா?

பணம் வைத்து ஆடுவது 2025 ஆகஸ்ட் சட்டத்தின்படி எந்த வயதினருக்கும் இல்லை. மற்ற விளையாட்டுகளுக்குப் பிளே ஸ்டோரில் வயதுக் குறியீடு போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் அரட்டை வசதியைத்தான் கவனிக்க வேண்டும். அதுவும் ஒரு சமூக வலைதளம்தான்.

பிள்ளைக்குத் தெரியாமல் அதன் போனில் கண்காணிப்புச் செயலி போட்டுத் தருவீர்களா?

மாட்டேன். பணம் கூடத் தருகிறேன் என்றாலும் மாட்டேன். பிள்ளைக்குத் தெரிந்து வைக்கும் ஃபேமிலி லிங்க் வேறு, திருட்டுத்தனமாக வைக்கும் ஒற்றன் வேறு. அந்த மாதிரிச் செயலிகளில் பல, பிள்ளையின் செய்தி, படம், இருப்பிடம் அனைத்தையும் முகம் தெரியாத எவனுடைய கணினிக்கோ அனுப்புகின்றன. ஓநாய்க்குப் பயந்து புலியை வீட்டில் கட்டுவது போல. தவிர, பதினான்கு வயதுப் பிள்ளை அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும், கண்டுபிடித்தவுடன் என்னிடம்தான் வந்து கேட்கும்.

பிள்ளை 'சம்மதிக்கிறேன்' என்று தட்டியது நம்மைக் கட்டுப்படுத்துமா?

1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 18 நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் 13 வயதுப் பிள்ளை தினமும் ஏதோ ஒரு ஒப்பந்தத்தில் சம்மதம் தட்டிக்கொண்டே இருக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சட்டத்துக்கு இருக்கும் தெளிவு இந்தச் செயலிகளுக்கு இன்னும் வரவில்லை.

இப்போது உங்கள் கடையில் பிள்ளைகளுக்குக் கணக்குத் திறந்து தருகிறீர்களா?

13 முடிந்திருந்தால், பெற்றோரில் ஒருவர் உடன் வந்திருந்தால், பள்ளி அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த தேதியை அப்படியே போட்டுத் திறந்து தருகிறேன். ஆண்டை மாற்றிக் கேட்டால் இல்லை. பழைய கணக்கில் ஆண்டைத் திருத்தக் காசு வாங்குவதில்லை. தவறாகத் தட்டியதற்கு ஏற்கெனவே முப்பது ரூபாய் வாங்கியிருக்கிறேன். இதனால் சிலர் பஸ் நிலையம் பக்கம் வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

போன மாதம் கூக்காலிலிருந்து ஒரு பையன் தனியாக வந்தான். அப்பா சந்தையில் கேரட் மூட்டையோடு நின்றிருந்தார். பிறந்த தேதியைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, 'இன்னும் ஏழு மாதம் இருக்கிறது அண்ணா' என்று அவனே சொன்னான். ஐப்பசியில் அப்பாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.